நிறுத்தப்பட்டவரை நிறுத்துப் பார்த்தது

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கி, சக்கரத்தில் உருண்டு, அச்சு இயந்திரத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கி, கடைசியில் எங்கள் பல் டாக்டர் வீட்டு ஹாலில் வந்து நிறைவடைந்தது என்பது என் தாழ்மையான கருத்து. நேரில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த ஹாலில் வட்ட மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். மேசைமேல் ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். எங்கள் எல்லாரையும்விடப் பெரியவர்.

ஐந்தாமவர் என்று நான் சொல்வது ஒரு விஸ்கி பாட்டிலை. மன்றத்துக்குள் 'பாட்டில்' என்று சொல்வது குற்றம். வயதான விஸ்கியைப் 'பெரியவர்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர்', 'இவர்' என்றுதான் பேச வேண்டும். 'ஊத்து' என்று ஏவக் கூடாது, 'இறங்கி வரட்டும்' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மரியாதை தெரிந்த கூட்டம் எங்களுடையது.

மன்றத்தின் முழுப் பெயர் 'நிறுத்தப்பட்ட மதுவகைகளை நிறுத்துப் பார்க்கும் மன்றம்'. முதல் நிறுத்தல் கம்பெனிக்காரன் செய்தது, அதாவது உற்பத்தியை நிறுத்தியது. இரண்டாவது நிறுத்தல் நாங்கள் செய்வது, அதாவது தராசில் வைத்துப் பார்ப்பது. ஒரே சொல்லில் கம்பெனியையும் எங்களையும் கட்டிப்போட்ட இந்தப் பெயர் என்னுடையது. நான்தான் மன்றத்தின் கலைச்சொல் செயலாளர். பிழைப்புக்கு, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு காகிதம், அதைத் தமிழில் எழுதித் தருகிறேன். லட்சக்கணக்கில் அச்சாகி ஒருவரும் படிக்காத எழுத்தாளன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்க முடியும்.

மற்ற மூவரில் தலைவர் பல் டாக்டர், வீட்டுக்காரர். துணைத் தலைவர் ஓர் ஆடிட்டர். பொருளாளர் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் மேலாளர். வெளியூர் உறுப்பினர் ஒருவர் உண்டு. அவர் வர முடியாத நாட்களில் போன் போட்டு முடிவைத் தெரிந்துகொள்வார்.

கடையில் கிடைப்பதை நாங்கள் தொடுவதில்லை என்பது மன்றத்தின் கொள்கை. அன்று மேசைமேல் இருந்த பெரியவர் ஸ்காட்லாந்தில் ஒரே ஒரு சிறிய வடிசாலையில் காய்ச்சிய சிங்கிள் மால்ட். அந்த வடிசாலையை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. ஏன் மூடினார்கள் என்றால், அந்தச் சரக்கை ஒருவரும் வாங்கவில்லை. குடித்தவர்கள், காயத்துக்குப் போடும் டிஞ்சர் மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார்களாம். மூடிய மறு வருடமே அந்த டிஞ்சர் 'கடற்காற்றின் ஆழ்ந்த மருத்துவ நறுமணம்' ஆகிவிட்டது. உள்ளே இருந்த திரவம் அப்படியேதான் இருந்தது. இனிமேல் கிடைக்காது என்ற ஒரு சொட்டுதான் கூடுதலாகச் சேர்ந்திருந்தது.

இந்தப் பெரியவர் எங்களுக்குக் கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். டாக்டரின் அப்பா அதே வீட்டில், கடைசி அறையில் இருந்தார். குழப்பம் வரக் கூடாது என்பதற்காக அவரை மன்றத்தில் 'உள்ளே இருக்கிறவர்' என்று குறிப்பிடுவோம். மறுநாள் காலை அவரை அழைத்துப் போக ஒரு வேன் வருவதாக இருந்தது. முதியோர் இல்லத்துக்குத்தான். ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது, 'நிறைவாழ்வு வளாகம்' என்று சொல்ல வேண்டும் என்று டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்காகச் சாமான் கட்டும்போதுதான் உள்ளே இருக்கிறவரின் பீரோவில், கம்பளிச் சட்டைகளுக்குப் பின்னால், பெரியவர் அகப்பட்டார். டாக்டர் பாட்டிலின் சீட்டைப் படித்துவிட்டு அப்பாவின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அவர் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து வெகு காலம் ஆகியிருந்தது.

அன்றைய கூட்டத்தின் பொருள்கள் இரண்டு. ஒன்று, பெரியவரைச் சுவைத்து மதிப்பிடுதல். இரண்டு, மன்றத்தின் பெரியவர்கள் அனைவருக்கும் நிரந்தரமாக ஓர் அறை ஒதுக்குதல். அதுவரை அவர்கள் டாக்டரின் கிளினிக் அலமாரியில், மரத்துப்போக வைக்கும் ஊசிகளோடு இடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு வெயில் படாத, சத்தம் இல்லாத, யாரும் அடிக்கடி எட்டிப் பார்க்காத இடம் வேண்டும். இந்த மூன்று தகுதியும் உள்ள அறை அந்த வீட்டிலேயே இருந்தது.

"ரூம் காலியா இருக்கா?" என்று ஆடிட்டர் கேட்டார். அவர் எதையும் கேட்டு உறுதி செய்துகொள்கிறவர்.

"காலிதான். அப்பா மட்டும்தான் இருக்கார்" என்றார் டாக்டர்.

கோடையில் அந்த அறை கொஞ்சம் புழுங்கும் என்பது ஒரு குறை. உள்ளே இருக்கிறவர் வருடா வருடம் ஓர் ஏசி கேட்பாராம். வயதானவர்களுக்கு ஏசி ஆகாது என்று டாக்டர் அதை நிறுத்தி வைத்திருந்தார். வயதான விஸ்கி ஏசி இல்லாமல் கெட்டுவிடும் என்று இப்போது அதே டாக்டர் எடுத்துச் சொன்னார். இரண்டும் மருத்துவக் கருத்துகள் என்பதால் நாங்கள் இரண்டையும் ஏற்றுக்கொண்டோம். ஏசி தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பிறகு முதல் பொருளுக்கு வந்தோம். விஸ்கியை மதிப்பிடுகிற வெளிநாட்டு வல்லுநர்கள் அதை மூக்கு, உடல், முடிவு என்று பிரித்துப் பார்ப்பார்கள். மூக்கு என்றால் வாசனை. உடல் என்றால் வாயில் அது நிற்கிற கனம். முடிவு என்றால் விழுங்கிய பிறகு தொண்டையில் தங்குகிற ருசி. இந்தச் சொற்களைத் தமிழில் நிலைநாட்டியது என் வாழ்நாள் சாதனை. பழகிய கை என்பதால் கொஞ்சம் மருந்து வாடை அடிக்கும். மற்றபடி சுத்தமான தமிழ்.

டாக்டர் மூடியைத் திறந்தார். "அவர் கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்றார். நாங்கள் அவருக்காக எங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவர் இறங்கி வந்ததும், டாக்டர் ஊசிக் குழாயில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு கோப்பையிலும் ஒரே ஒரு சொட்டு விட்டார். அந்தச் சொட்டுக்காக அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்ட பக்குவத்தை நான் தனியாகக் குறித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து "தண்ணி இருக்கா?" என்று ஒரு குரல் வந்தது. மதிப்பீட்டின்போது பேசக் கூடாது என்பதால் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மோந்து பார்த்தோம். லிஃப்ட் மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு, இரும்புக் கயிற்றுக்குப் போடும் கிரீஸ் வாசனை வருகிறது, ஆனால் உயர்ந்த கிரீஸ் என்றார். ஆடிட்டருக்கு மழையில் நனைந்து காய்ந்த கோப்பு மணந்தது. டாக்டர் கிராம்புத் தைலம் என்றார். எனக்கு எட்டாக மடித்த காகிதம். எங்கேயோ பிறந்து, இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்த ஒருவர், எங்கள் நான்கு பேருக்கும் அவரவர் ஆபீஸாகவே மணந்தார் என்றால் அவருடைய பெருந்தன்மையை என்னவென்று சொல்வது. வாயில் வைத்ததும் டாக்டர், தொழில் பழக்கத்தில், "நல்லாக் கொப்பளிங்க" என்றார். கொப்பளித்தோம். அவர் "துப்புங்க" என்றபோது மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் குறிப்பெடுத்தேன். நிறம்: பழைய தேன். மூக்கு: முதலில் அடைப்பு, பிறகு சரியாயிற்று. உடல்: மெலிவு. முடிவு: நீளம், அமைதி, கடைசியில் லேசான புகை.

அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த வீட்டு போன் அடித்தது. எங்கள் கைபேசிகளை அணைத்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பது வழக்கம். ஆகவே இந்த நேரத்தில் இந்த போனில் கூப்பிடுகிறவர் வெளியூர் உறுப்பினராகத்தான் இருக்க முடியும். தலைவர் இரண்டாவது மடக்கில் ஆழ்ந்திருந்ததால் நான் போய் எடுத்தேன்.

"யாருங்க பேசறது? பெரியவர் எப்படி இருக்கார்?" என்றது ஓர் ஆண் குரல்.

இவ்வளவு முறையாகப் பேச வேறு யாருக்குத் தெரியும். "மூக்கு அடைச்சிருந்தது. கொஞ்ச நேரம் மூச்சு விட வச்சோம். அப்புறம் பரவாயில்ல" என்றேன்.

"மூச்சு விட வச்சீங்களா? உடம்பு?"

"உடல் ரொம்ப மெலிவு. வயசாயிடுச்சில்ல."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"நாங்க எல்லாருமே சுத்தி உக்காந்திருக்கோம். டாக்டரும் இருக்கார். அவர் கையாலயே ஒரு சொட்டுத் தண்ணி விட்டார்."

 அந்தக் குரல் தழுதழுத்தது. "தண்ணி விட்டாச்சா?"

"ஒரே சொட்டு. அப்புறம் முடிவுதான். நீளமா, அமைதியா இருந்தது. கடைசியில லேசா புகை. நீங்க வர்றதா இருந்தா சீக்கிரம் வாங்க, ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாது."

போன் கீழே விழும் சத்தம் கேட்டது. நான் திரும்பி வந்து, வெளியூர் உறுப்பினர் கண் கலங்கிவிட்டார், புறப்பட்டு வருகிறார் என்று அறிவித்தேன். விவரம் கேட்டதற்கே அழுகிறவன்தான் உண்மையான ரசிகன் என்று தலைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டே இரண்டாவது பொருளுக்காக அறையைப் பார்வையிடப் போனோம். உள்ளே இருக்கிறவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையை இன்றைக்கே போட்டிருந்தார். காலடியில் கட்டிய பெட்டி. ஒரு காலத்தில் சரக்குக் கப்பல்களில் சமையல் செய்து, அந்தச் சம்பளத்தில் மகனை டாக்டர் ஆக்கியவர். சில வருடங்களாக அவருக்கு எல்லாம் நிறுத்தப்பட்டிருந்தது. உப்பு, சர்க்கரை, மாடிப்படி, பிறகு கண்ணுக்கு ஆகாது என்று செய்தித்தாள். வீட்டில் ஏதாவது பேச்சு நடந்தால் நடுவில் கருத்துச் சொல்வதும் நிறுத்தப்பட்டிருந்தது.

லிஃப்ட் மேலாளர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, "சார், இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்று அவரிடமே கொடுத்தார். அவர் எழுந்து, சுவரோடு ஒட்டி நின்று, நாடா முனையை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு அளக்கறீங்க?"

"பெரியவங்களுக்கு இடம் பத்துமான்னு பாக்கறோம்."

"நான் ஒருத்தன்தானே இருக்கேன். பத்துதே" என்றார் அவர்.

நாங்கள் அறையின் குளிர்ச்சியைப் பற்றிப் பேசினோம். அவர் எங்கள் பக்கம் மூக்கை நீட்டினார். "நாலு பேரும் ஒரே மாதிரி மணக்கறீங்க. என் பாட்டிலத் திறந்தாச்சா?"

குற்றமான சொல். ஆனாலும் உறுப்பினர் அல்லாதவர் என்பதால் மன்னித்தோம். குறிப்பில் சேர்ப்பதற்காக, இவரை எங்கே வாங்கினீர்கள் என்று நான் பணிவாகக் கேட்டேன்.

"ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில. கீழ்த் தட்டுல தூசி படிஞ்சு கெடந்தது. யாரும் சீந்தல போல. பாக்கவே பாவமா இருந்தது, வாங்கினேன். இவன் டாக்டர் ஆனதும் ரெண்டு பேரும் உக்காந்து குடிக்கலாம்னு வச்சிருந்தேன்."

"ஆனப்புறம்?"

"இவனுக்கு நேரம் கெடைக்கல" என்று அவர் மகனுக்காக எங்களிடம் சமாதானம் சொன்னார். பிறகு மகனைப் பார்த்து, "எனக்கு ஒரு வாய் குடேன்" என்றார்.

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்ப்பா."

"எந்த டாக்டர்?"

"நான்தான்."

"நீ பல்லுக்குல்ல டாக்டர்."

"எல்லாம் பல்லு வழியாத்தானேப்பா உள்ள போகுது."

"எனக்குத்தான் பல்லே இல்லையே" என்றார் அவர். வாதத்தில் பலம் இருந்தது. ஆனால் ஆடிட்டர் குறுக்கிட்டு, உறுப்பினர் அல்லாதவருக்குப் பெரியவரை வழங்க விதிகளில் இடமில்லை என்று விளக்கினார். உள்ளே இருக்கிறவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நாடாவின் முனை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மேலாளர் போய் வாங்கிக்கொண்டார்.

ஹாலுக்குத் திரும்பி மூன்றாவது கோப்பையில் இருந்தபோது கதவு மணி அடித்தது. வந்தவர் அந்த அடுக்கு மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். முன்பெல்லாம் கீழே லிஃப்ட் வாசலில் டாக்டரின் அப்பா ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். பாதையை அடைக்கிறது என்று நோட்டீஸ் ஒட்டி அந்த நாற்காலியை எடுக்க வைத்த ஆற்றல்மிக்க நிர்வாகி இவர்தான். இன்று கைக்குட்டையோடு வந்திருந்தார்.

"இப்பதான் போன் வந்தது. பெரியவர் போயிட்டாராமே" என்றார்.

டாக்டர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இல்லையே. இன்னும் பாதி இருக்கார்."

செயலாளர் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். துக்கத்தில் மனிதர்கள் எதையாவது பேசுவார்கள் என்று எண்ணிக்கொண்டாரோ என்னவோ, தானே பேச ஆரம்பித்தார். எப்பேர்ப்பட்ட மனிதர், லிஃப்ட் பக்கத்தில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருக்கிற அழகே தனி, அவர் இல்லாமல் அந்த இடமே வெறிச்சென்று இருக்கிறது என்றெல்லாம் சொல்லி மூக்கை உறிஞ்சினார். இப்பேர்ப்பட்ட சுவைஞர் இந்தக் கட்டடத்திலேயே இருந்திருக்கிறாரே என்று நாங்கள் அவரை மதிப்போடு பார்த்தோம். லிஃப்ட் மட்டும் ஏன் நடுவில் வருகிறது என்று புரியவில்லை. மேலாளருக்கு அதுவும் புரிந்தது போலிருந்தது.

"கடைசியில கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டார் செயலாளர்.

"இல்ல, லேசா புகைஞ்சார். அவ்வளவுதான்" என்றார் லிஃப்ட் மேலாளர்.

"எப்ப எடுக்கறீங்க?"

"மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்னு இருக்கோம்" என்றார் டாக்டர். "மிச்சம் இருக்கறத நல்லா மூடி வச்சு, தெரிஞ்சவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கலாம்."

செயலாளரின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. அவர் எழுந்து கதவு வரைக்கும் பின்னோக்கியே நடந்து போனார். கதவு அவருக்காகக் காத்திருந்ததுபோல் தானே திறந்தது. அங்கே டாக்டரின் அக்கா நின்றார். பின்னால் அவர் கணவர்.

அக்கா பக்கத்து ஊரில் இருக்கிறார். கணவர் அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். பயிற்சி கொடுக்கிற காரிலேயே வந்திருந்தார்கள். சங்கச் செயலாளர் அவரிடம் ஓட்டக் கற்றவர் என்பதும், வழியில் அவர்தான் செயலாளரைக் கூப்பிட்டு உதவிக்குப் போகச் சொன்னார் என்பதும் பிறகு தெரிந்தது. அக்கா அழுது முகம் வீங்கியிருந்தார். மேசை, கோப்பைகள், சிவந்த எங்கள் நான்கு மூக்குகள், எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தார்.

"அப்பா எங்கடா?"

"உள்ளதான் இருக்கார். எங்க போவார்?" என்றார் டாக்டர்.

அக்கா உள்ளே ஓடினார்.  அங்கிருந்து அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் கேட்டது. வெளியே நின்ற அவர் கணவர், "போன்ல பேசினது யாரு?" என்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். அந்தச் சொற்கள் இவ்வளவு தூரம் போய் வேலை செய்திருக்கின்றன என்பதில், மறைப்பானேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது. அவர் என் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்ததும் பெருமை குறைந்தது.

பிறகு வெளிவந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பாவை நாளைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதாகத்தான் டாக்டர் அக்காவிடம் சொல்லியிருந்தார். அதை விசாரிக்கத்தான் அக்காவின் கணவர், அதாவது டாக்டரின் அத்தான், போனில் கூப்பிட்டார். வேனைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. அக்கா பல தடவை அப்பாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு வர விருப்பமில்லை என்று அக்காவுக்குச் சொல்லப்பட்டது. அக்கா வீட்டில் இடமில்லை என்று அப்பாவுக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் ஒருவரே. அப்பாவின் பென்ஷனையோ வீட்டையோ குறி வைத்து அவர் அப்படிச் செய்யவில்லை. அப்பா அக்கா வீட்டில் இருந்தால், நாலு பேர் என்ன நினைப்பார்கள், மகன் வைத்துக்கொள்ளவில்லை என்று பேச மாட்டார்களா? வளாகம் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அது மருத்துவ ஏற்பாடு.

அக்கா ஹாலுக்கு வந்தார். "எங்க வீட்ல இடமில்லன்னு நான் எப்படா சொன்னேன்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். இந்த நிலைமைக்கு ஏதாவது ஒரு கலைச்சொல் என்னிடம் இருக்கும் என்று எதிர்பார்த்தார் போலும். நான் என் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே இருக்கிறவர் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பெட்டி. அத்தான் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் நேராகப் போய்த் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையைச் சுற்றிக் காலியாக இருந்த நாற்காலி அது ஒன்றுதான் என்றாலும், வேறு இடத்தில் அவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ஊத்தும்மா" என்றார் மகளைப் பார்த்து.

அக்கா ஊற்றினார். இறங்கி வரச் சொல்லவில்லை, மூச்சு விட விடவில்லை, தண்ணீர்ச் சொட்டு விடவில்லை. கொட்டினார் என்றே சொல்லலாம். ஆடிட்டர் வாயைத் திறந்து, அத்தானைப் பார்த்து, மூடிக்கொண்டார். பிறகு வழி கண்டுபிடித்தவர்போல் மெல்லிய குரலில், விருந்தினர் சுவைத்தாலும் மதிப்பீடு பதிவாக வேண்டும் என்பது விதி என்றார். விதி என்றால் விதிதான். நான் பென்சிலை எடுத்துக்கொண்டேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். கொப்பளிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எதிரே நின்றுகொண்டிருந்த மகனையே பார்த்தார்.

"நிறம்?" என்றேன்.

"நல்ல நிறம். அவன் அம்மா நிறம்."

விஸ்கியைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் விதிப்படி அடுத்ததைத்தான் கேட்டேன். "மூக்கு?"

"என் மூக்கு. அதுல மாத்தம் இல்ல."

"உடல்?"

"நல்லாத்தான் வளத்தேன். ஒரு கொறையும் வைக்கல."

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்தான் பாக்கி இருந்தது. நானே தேர்ந்தெடுத்த சொல். தமிழில் அதற்கு எத்தனை பொருள் உண்டு என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. கேட்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். அவரோ கேள்விக்காகக் காத்திருந்தார்.

"முடிவு?"

"அத என்னக் கேட்டா?" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "முடிவெல்லாம் அவன்தானே எடுப்பான்."

கோப்பையில் மிச்சம் இருந்ததைக் குடித்துவிட்டு எழுந்தார். பாட்டிலை அவரே மூடி, சட்டை முனையால் துடைத்து, மகளிடம் கொடுத்தார். டாக்டர் ஒரு முறை "அப்பா" என்று கூப்பிட்டார். அவர் திரும்பி, ஏதோ கொடுக்க மறந்துவிட்டோமோ என்கிற மாதிரி மகனைப் பார்த்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். லிஃப்ட் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. எந்தக் குறையும் இல்லாத சத்தம் என்று மேலாளரால் கூட அன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

இப்போது அந்த அறை உண்மையாகவே காலி. ஏசி பொருத்தியாகிவிட்டது. பெரியவர்கள் வரிசையாக, சொகுசாக நிற்கிறார்கள். டாக்டர் சில சமயம் கூட்டத்தின் நடுவில் எழுந்து போய் அந்த அறையில் நிற்பார். அவர்களைப் பார்க்கத்தான் போகிறார் என்று நாங்கள் பேசிக்கொள்கிறோம். போன வாரம் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் கண் கலங்க, அப்படி ஒரு மனிதர் இனிமேல் கிடைக்க மாட்டார் என்றார். அந்த மனிதர் பக்கத்து ஊரில் இருக்கிறார், காரில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

அன்றைய குறிப்பில் நான் ஒரே ஒரு திருத்தம் செய்தேன். 'முடிவு: நீளம், அமைதி, லேசான புகை' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'முடிவு: கசப்பு. நீளம் தெரியவில்லை, இன்னும் போகவில்லை' என்று எழுதி டாக்டரிடம் நீட்டினேன். அவர் படித்துப் பார்த்தார். ஒரு வார்த்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.